நான்காவது அத்தியாயம்

ஜனவரி 9, செவ்வாய்

இன்று ஆறு கிடா. ஆட்டிறைச்சிக் கூடத்துக்கு நான் போய்ச் சேரும்போது சிராஜ் பாய் விதைகளைத் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதி வைத்திருந்தார். ஒரு கிடாவின் இரண்டு விதையும் ஒரே பையில் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். இதுவரை மாற்றிப் போட்டதில்லை.

"இதெல்லாம் கொண்டுபோய் என்னதான் பாக்குறீங்க டாக்டரம்மா?" என்று இன்றைக்குத்தான் கேட்டார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று சொன்னால் அவர் ஏற்பதில்லை.

விதைக்கு மேல் ஒட்டிச் சுருண்டிருக்கும் குழாயைக் காட்டினேன். "உள்ள உருவாகிற விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது பாய். இந்தக் குழாயோட தலைப் பக்கம் நுழைஞ்சு, உடம்பு வழியா வால் பக்கம் வந்துசேரப் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். அதுக்குள்ளதான் நீந்தப் பழகுது. என்ன நடந்து அப்படி ஆகுதுன்னு பாக்குறேன்."

"நீந்திருச்சுன்னா குட்டி உண்டாயிரும்?"

"அப்பவும் ஆகாது. பொட்டை ஆட்டு உடம்புக்குள்ள போய் இன்னும் சில மணி நேரம் கிடக்கணும். அதுக்கப்புறம்தான் முட்டையைத் துளைக்கிற தகுதி வரும்."

"ஒரு குட்டிக்கு இத்தனை பரீட்சையா" என்றபடி அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் தணிகையின் தீசிஸில் இரண்டாவது அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். எழுதி முடித்தேன் என்றே சொல்லலாம். அவன் பாயின்ட்டுகளாகச் சொல்லுவான், நான் ஆங்கிலத்தில் பத்தியாக்குவேன். இளங்கலை முதல் ஆண்டிலிருந்தே அப்படித்தான். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அது இட்லிக்கு மாவு அரைப்பதுபோல வாராந்திர வேலையாகிவிட்டது.

ஜனவரி 23, செவ்வாய்

ஒரு தவறு நடந்தது. எழுதி வைக்கிறேன்.

வாட்டர் பாத்தின் வெந்நீரில் சோதனைக் குழாய்களின் லேபிள் ஊறி உரிந்துவிட்டது. விதைமேல் சுருள் குழாயின் உடல் பகுதியிலிருந்து எடுத்த விந்தணுக்களைச் சாதாரணக் கரைசலில் விடுவதற்குப் பதில், வால் பகுதியிலிருந்து எடுத்த திரவத்தில் விட்டுவிட்டேன். வாலிலிருந்த விந்தணுக்களைச் சுழற்றிப் பிரித்து நீக்கியபின் மேலே தெளிந்து நிற்குமே, அந்தத் திரவம். கொட்டிவிடலாம் என்று எடுத்தவள், சும்மா ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

உடல் பகுதி விந்தணு வட்டமடிக்கும். அதன் வால் துடிக்கும், இருந்த இடத்திலேயே சுற்றும். இவை நேராகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் இல்லை, நூற்றுக்கு முப்பது இருக்கும். நான் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

சாப்பிட மறந்துவிட்டேன். தணிகை டிபன் பாக்ஸைத் திறந்து, "ஏன் அப்படியே இருக்கு?" என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. சொன்னேன். அவன் டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தான். பிறகு, "இப்ப யார்கிட்டயும் சொல்லாத கோதை. சார்கிட்டயும் வேணாம். இன்னும் பத்துக் கிடாவில செஞ்சு பாத்துட்டுச் சொல்லலாம்" என்றான். சரியாகத்தான் சொல்கிறான். நானாக இருந்தால் உடனே எங்கள் இருவருக்கும் கைடான உமாபதி சார் அறைக்கு ஓடியிருப்பேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பழைய திரவம் வேலை செய்யவில்லை. நான்கு டிகிரியில் இரண்டு நாள் வைத்தது, ஒரு நாள் வைத்தது, இரண்டிலும் வட்டமடிப்புதான். அன்றன்றைக்கு எடுத்த திரவத்தில் மட்டும் நேராக நீந்துகின்றன. ஒன்பது கிடாவில் ஒன்பதிலும்.

பிப்ரவரி 22, வியாழன்

முட்டைகள் பிரிந்தன.

திரவத்தில் ஒரு மணி நேரம் வைத்த உடல் பகுதி விந்தணுக்களைத் தகுதி பெறுவதற்கான கரைசலுக்கு மாற்றினேன். நான்கு மணி நேரத்தில் வாலைச் சாட்டை மாதிரி வீசத் தொடங்கின. அப்போதே தெரிந்துவிட்டது. சிராஜ் பாய் தந்த சினைப்பைகளிலிருந்து எடுத்த முப்பத்தொரு முட்டைகளோடு நேற்று சேர்த்தேன். இன்று மதியம் மூன்று முட்டை இரண்டிரண்டு செல்லாக நின்றன. சாதாரணக் கரைசலில் வைத்த தொகுதியில் ஒன்றுகூட இல்லை.

தணிகையைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் தோளில் கைவைத்துக் குனிந்து பார்த்தான். "நிஜமாவே பண்ணிட்ட" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவனுடைய உறைவிந்துச் சோதனை இந்த வாரமும் சரிவரவில்லை. உருக்கியதும் எல்லாம் செத்துக்கிடக்கின்றன. ஐந்து வருட பிஎச்டி பதிவு அவனுக்கு ஏப்ரலோடு முடிகிறது. நான் கொஞ்சம் அடக்கமாகச் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

மார்ச் 5, திங்கள்

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஊத்தங்கரைக்குப் போகவேண்டும். அம்மாவால் தனியாக முடியாது. எட்டுக் கிடா பாக்கியிருக்கிறது, போனால் தொடர்ச்சி விட்டுப்போகும் என்று புலம்பினேன். "நோட்டைக் குடுத்துட்டுப் போ. நான் செஞ்சு வைக்கிறேன்" என்றான் தணிகை. தன் வேலையே தலைக்கு மேல் இருக்கும்போது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் ஏறும்வரை முறையைச் சொல்லிக்கொடுத்தேன். பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 20, செவ்வாய்

திரும்பிவிட்டேன். அப்பா நடக்கிறார்.

நோட்டில் எட்டுக் கிடாவுக்கும் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாமே முப்பதுக்கும் முப்பத்து நாலுக்கும் நடுவில். என் கைக்கு இவ்வளவு சீராக ஒருநாளும் வந்ததில்லை.

சிராஜ் பாய்க்கு நன்றி சொல்லப் போனேன். "உங்க வீட்டுக்காரரு ஒரே ஒரு நாள் வந்தாரும்மா. அப்புறம் ஆளைக் காணோம். நான் எடுத்து வச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்றார். தினம் ஐம்பது பேர் வந்துபோகிற இடம். பாய்க்கு மறந்திருக்கும்.

ஏப்ரல் 16, திங்கள்

தணிகை தீசிஸ் கொடுத்துவிட்டான். கடைசி நேரத்தில் சார் ஆறு மாத நீட்டிப்புக்கூட வேண்டாம், இருப்பதைவைத்து முடி என்றாராம். நாலாவது அத்தியாயத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. "சாரே உக்காந்து திருத்திட்டார், உனக்கெதுக்குச் சிரமம்" என்றான். அல்வா வாங்கி வந்தான்.

நான் சாரிடம் என் முடிவுகளைச் சொல்லலாமா என்று கேட்டேன். "என் வைவா முடியட்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போய் நின்னா அவருக்குக் கோபம் வரும்."

ஜூன் 11, திங்கள்

இனியும் பொறுக்க முடியாமல் சாரிடம் சொல்லிவிட்டேன். நோட்டை நீட்டினேன். அவர் திறக்கவே இல்லை. "நல்லது. செம்மறியில திரும்பச் செய்" என்றார்.

"வெள்ளாட்டுலயே இன்னும் செய்ய வேண்டியது இருக்கு சார்."

"வெள்ளாடு போதும். செம்மறிக்கு மாத்திக்கோ. தலைப்பை மாத்தி எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்."

அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. ஒருவேளை நான் சொன்ன விதத்தில் அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம்.

ஜூலை 30, திங்கள்

செம்மறி. வெயில். ஒன்றுமில்லை.

அக்டோபர் 29, திங்கள்

தணிகையின் வைவா சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நவம்பர் 14, காலை பதினொரு மணி. அனைவரும் வரலாம்.

தலைப்பு மாறியிருக்கிறது. உறைவிந்து என்ற சொல்லே அதில் இல்லை. ‘வெள்ளாட்டுக் கிடாவின் விந்தணு முதிர்ச்சியிலும் கருவுறுத்தும் தகுதியிலும் வால் பகுதித் திரவத்தின் பங்கு.’

நான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். நூலகத்தின் விமலா அக்கா அந்தப் பக்கமாகப் போனவர், "வீட்டுக்காரர் டாக்டராகப் போறார், ஸ்வீட் எங்க?" என்றார். சிரித்தேன். சிரித்தது எனக்கே தெரிந்தது.

அக்டோபர் 30, செவ்வாய்

பார்வைக்கு வைத்த பிரதியை விமலா அக்கா எடுத்துத் தந்தார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து படித்தேன்.

முதல் மூன்று அத்தியாயமும் என் ஆங்கிலம். உறைவிந்து பற்றி இருந்ததைச் சுருக்கி ஓரமாக ஒதுக்கியிருக்கிறார்கள். நான்காவது அத்தியாயம் என் நோட்டு. லேபிள் உரிந்த நாள் மட்டும் அதில் இல்லை. யோசித்துத் திட்டமிட்டுச் செய்ததுபோல எழுதியிருக்கிறது. படம் 4.3 நான் எடுத்த படம். மூன்று முட்டை. கண்ணாடியின் கீழ்மூலையில் என் கைரேகைப் பிசிறுகூட அப்படியே.

அட்டவணையில் ஊருக்குப் போன நாட்களின் எட்டுக் கிடாவும் இருக்கின்றன.

செய்முறைப் பகுதியில், ‘வால் பகுதித் திரவம் நான்கு டிகிரியில் நாற்பத்தெட்டு மணி நேரம் வைக்கப்பட்டு, பின் பயன்படுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. பொய்த்துப்போன பக்கத்தைப் படம் எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

கடைசியாக நன்றியுரை. பெற்றோர், உமாபதி சார், துறைத்தலைவர், ஆட்டுப் பண்ணைப் பணியாளர்கள். அவர்களுக்கும் கீழே, ‘ஆய்வகப் பணிகளிலும் தட்டச்சிலும் உதவிய என் மனைவிக்கு.’ பெயர் போடவில்லை.

பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது விமலா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

அக்டோபர் 31, புதன்

கேட்டுவிட்டேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"டிசம்பர்ல உதவிப் பேராசிரியர் இன்டர்வியூ. பிஎச்டி இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்கு வேலை வந்தாப் போதாதா?"

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாருக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

முட்டை பிரிந்த மாதம். நான் அவனைக் கூப்பிட்டுக் காட்டிய மாதம். யாரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிவிட்டு அவன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு கோதை. நீ வேற ஏதாவது கண்டுபிடிப்ப. உன்னால முடியும். என்னால முடியாது, அது உனக்கும் தெரியும்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னான். முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே சொன்னான். இத்தனை வருடத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அதுதான்.

"அந்த எட்டுக் கிடா?"

அவன் எழுந்து இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையிலெடுத்தான்.

நவம்பர் 2, வெள்ளி

உமாபதி சார் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியது."

"நோட்டு என்னோடது சார். ஜூன்ல உங்ககிட்ட நீட்டினேன்."

"லேப் என்னோடது" என்றார். "நீ புகார் குடுத்தா, கமிட்டி போடுவாங்க. உன் தீசிஸ்ல யார் கையெழுத்துப் போடுவா? யோசி. புத்திசாலிப் பொண்ணு நீ."

வெளியே வந்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு செம்மறிக் குழாய்களை வாட்டர் பாத்திலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. எடுத்தேன்.

நவம்பர் 5, திங்கள்

அம்மாவிடம் போனில் சொன்னேன். "மாப்பிள்ளைக்கு வேலை வந்தா உனக்குத்தானே நல்லது" என்றாள். பிறகு, தீபாவளிக்கு இரண்டு பேரும் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

நவம்பர் 9, வெள்ளி

நோட்டை எடுத்து மார்ச் மாத எட்டுக் கிடாவுக்கும் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டேன். ‘நான் செய்ததில்லை. செய்யப்பட்டதா என்றும் தெரியாது’ என்று எழுதித் தேதியிட்டேன். அப்படிப் போட்டதும் என் முடிவின் வலு பாதியாகக் குறைந்துவிட்டது. பதினெட்டில் பத்துதான் மிச்சம்.

சிராஜ் பாய் சொன்னதை அன்றைக்குச் சரியாகத்தான் கேட்டேன். அவர் சரியாகத்தான் சொன்னார். மறந்திருக்கும் என்று எழுதி வைத்தது நான். அந்த எண்களைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தெரியாது என்று இந்த டைரிக்குக்கூடச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 13, செவ்வாய்

ஒரே வீடு. அவன் முன்னறையில் நாளைக்குப் பேசவேண்டியதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தான். விந்தணு தகுதி பெறுவதைச் சொல்லும் ‘கபாசிடேஷன்’ என்ற இடத்தில் தடுக்கியது. வழக்கமாக உள்ளேயிருந்து திருத்துவேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.

நவம்பர் 14, புதன்

கருத்தரங்க அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். அவன் அப்பா, அம்மா அரக்கோணத்திலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

புறத்தேர்வாளர் கேரளத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை சுமங்கலா. நரைத்த கிராப், சன்னமான குரல். தணிகை முப்பது நிமிடம் நன்றாகவே பேசினான். படம் 4.3 திரையில் வந்தது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அழகான வேலை" என்றார். உமாபதி சார் தலையை ஆட்டினார்.

அவையிலிருந்து கேள்வி உண்டா என்று வழக்கப்படி கேட்டார்கள். எழுந்தேன்.

"திரவத்தை நாலு டிகிரியில நாற்பத்தெட்டு மணி நேரம் வச்சதா எழுதியிருக்கீங்க. வைக்காத புது திரவத்தோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். "பாத்தோம். வித்தியாசம் இல்ல."

"எத்தனை கிடாவில?"

"எல்லாத்துலயும்."

"நாலு டிகிரியில வச்ச திரவத்துல ஒண்ணுகூட நேரா நீந்தாது. வட்டம்தான் அடிக்கும். ஜனவரியிலயும் பிப்ரவரியிலயும் செஞ்ச பதிவு இதுல இருக்கு." நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

உமாபதி சார், "இது இப்ப பேசவேண்டிய விஷயமில்ல, உக்காரும்மா" என்றார். பேராசிரியை சுமங்கலா, "பேசட்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆராய்ச்சி மாணவி பூங்கோதை. இந்தச் சோதனையைச் செஞ்சவ." பிறகு, கேட்காமலேயே, "அவரோட மனைவி" என்றேன்.

நோட்டை வாங்கி, மேடையிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புக் கோட்டில் நிறுத்தி, "இது எதற்கு?" என்றார். சொன்னேன். தணிகையிடம் திரும்பி, "இந்த எட்டு ஆடுகள் எந்தெந்தத் தேதியில் கிடைத்தன, சொல்லுங்கள்" என்றார். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். பரீட்சை அறைகளில், செமினார்களில், வார்த்தை வராதபோதெல்லாம் பார்க்கும் அதே பார்வை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 16, வெள்ளி

வைவா நிறுத்திவைக்கப்பட்டது. நான்காவது அத்தியாயத்தை நீக்கிவிட்டு, உறைவிந்து வேலையை மட்டும் வைத்துப் புதிதாகக் கொடுக்கவேண்டும். ஆறு மாதம். டிசம்பர் இன்டர்வியூ போய்விட்டது. விசாரணைக்கு மூன்று பேர் குழு. உமாபதி சார் விடுப்பில் இருக்கிறார்.

மாமியார் அறை வாசலில் என்னை நிறுத்தி, "பேர் போடலைன்னுதான கோவம்? போடச் சொல்லியிருந்தா போட்டிருப்பானே" என்றார். அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

துறையில் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. விமலா அக்கா மட்டும் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 3, திங்கள்

குழுவின் முன்னால் ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஒருவர் கேட்டார்: "முதல் மூன்று அத்தியாயத்தின் நடையும் உங்கள் அறிக்கைகளின் நடையும் ஒன்றாக இருக்கின்றனவே?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

"ஏன்?"

கேட்டான், கொடுத்தேன். முதலாண்டு உயிர்வேதியியல் ரெக்கார்டில் தொடங்கியது. பதில் சொல்ல வாய் திறந்தபோது, அதை அன்பு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "பழக்கம் சார்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும்.

கண்டுபிடிப்பு என் பெயரில் பதிவாகும். வேறு கைடு தேடிக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. எட்டுக் கிடாவையும் புதிதாகச் செய்யவேண்டும்.

டிசம்பர் 8, சனி

பெற்றோரோடு ஊருக்குப் போய்விட்ட தணிகை துணிகளை எடுத்துப்போக வந்தான். அரக்கோணத்தில் ஒரு தனியார் பால் பண்ணையில் வேலைக்குச் சேரப்போகிறானாம். இளைத்திருந்தான். காபி கொடுத்தேன். குடித்தான்.

பெட்டியை மூடியபிறகு கதவருகே நின்றான்.

"அந்த நாலு டிகிரி கேள்விய நீ வீட்லயே கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி, எங்கப்பா முன்னாடி."

"வீட்ல கேட்டிருந்தா," என்றேன், "பதிலையும் நானே சொல்லிக் குடுத்திருப்பேன் தணிகை."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.